தொண்டராய் நின்ற வணிகர்: வ. உ. சிதம்பரம்பிள்ளை சரிதம்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்குப் பெரியார் ஒருவரது சரிதத்தை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் நம்மைப் பணித்தபோது, வணிகத் துறையில் நின்று நெறி பிறழாது ஒழுகிய ஒருவரையே தேர்ந்தெடுத்தல் நலம் என்றும் குறிப்பிட்டிருந்தனர். காரணம் வெளிப்படை. நம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து பயின்றோருட் பலர் இன்று வங்கிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், சொந்தக் கடைகளிலும், கடல் கடந்த நாடுகளின் பெருங் கொம்பனிகளிலும் தலைமை தாங்கி நிற்கின்றனர். பத்துப் பேருக்கேனும் படியளக்கும் நிலையில் இருப்போர் அவர்கள். அத்தகையோர் படித்துப் பயன்கொள்ளத்தக்க சரிதம் யாது என ஆராய்ந்தபோது, நம் உள்ளத்தில் முதலில் எழுந்தவர் தூத்துக்குடி வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்களே.

இவரை அறியாதார் தமிழ் கூறும் நல்லுலகில் இலர். செக்கிழுத்த செம்மல் என்று சிறுவரும் அறிவர். 1961இல் வெளிவந்த திரைப்படத்தாற் பாமரரும் அறிவர். ஆயின் நாம் அறிந்த சிதம்பரனார் தேசபக்தர்; சிறை சென்ற தியாகி. ஒரு கொம்பனியைத் தோற்றுவித்து, பங்கு சேர்த்து, கப்பல் வாங்கி, கணக்கு வைத்து, போட்டிக்காரரோடு மல்லாடிய வணிகராக அவரை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். அப்பக்கத்தையே ஈண்டு எழுத விழைகின்றோம்.

நாம் ஆசிரியத் தொழில் புரியும் மறிச்சுக்கட்டிக் கரைக்கும் அவர் வாழ்ந்த கரைக்கும் இடையே கிடப்பது மன்னார்க் குடாக் கடல் ஒன்றே. மோதரகம் ஆறு கடலொடு கலக்கும் இச்சிற்றூர் ஒரு காலத்தில் உலகறிந்த முத்துக்குளிப்புத் தலமாக விளங்கிற்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் இக்கரையில் வந்து குவிந்தன. ஓலைக் கொட்டில்களால் ஆன பெரு நகரமொன்று சில வாரங்களுக்கு இம்மணலில் எழுந்து மறைந்தது. பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழெய்திய லெனாட் வுல்ப், இளம் அரசாங்க உத்தியோகத்தராக 1906இல் இங்கு வந்து சிப்பிக் கணக்குப் பார்த்திருக்கின்றார். அதே 1906இலே அரசினர் நம் முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகையாக ஓர் ஆங்கிலக் கொம்பனியிடம் ஒப்படைத்தனர். ஆண்டுக் குத்தகைப் பணம் மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. 1907இன் பின் சிப்பி விளையவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே அக்கொம்பனியும் கலைந்து போயிற்று. மூச்சடக்கி மூழ்கியோர் தமிழரும் முஸ்லிம்களும் அரபியரும். இலாபமோ நட்டமோ சென்று சேர்ந்த இடம் இலண்டன் மாநகர். இக்கரையின் செல்வம் அவ்வாறு கைமாறிய அந்த ஆண்டிலேதான், அக்கரையில் ஒரு வழக்கறிஞர் பிறிதொரு விதமான கொம்பனியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

சிதம்பரம்பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி ஓட்டப்பிடாரத்திலே உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மூத்த மைந்தராய்ப் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற வழக்கறிஞர். மைந்தர் ஊரிலே தமிழ் கற்று, தூத்துக்குடியிற் பயின்று, பின்னர் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பாடசாலையிலும் சேர்ந்தார். சுப்பிரமணிய பாரதியாரும் பயின்ற கல்லூரி அது. இந்துக் கல்லூரி என்னும் பெயர் தாங்கிய கூடங்களில் வளர்ந்த நமக்கு இதனாற் சிறிது பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்! சில காலம் தாலுகாக் கச்சேரியில் எழுத்தராக இருந்து, பின்பு திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று, 1895 முதல் ஓட்டப்பிடாரத்திலும், 1900 முதல் தூத்துக்குடியிலும் வழக்காடினார். ஏழைகளுக்காகக் கூலியின்றி வாதாடுவது அவர் இயல்பாயிற்று. பொலிசாரின் பொய் வழக்குகளிற் சிக்கியோர் அவர் வாயிலை நாடினர். இதனால் அதிகாரிகளுக்கும் அவருக்கும் தொடக்கத்திலிருந்தே பகை.

இல்லறத்திலும் அவர் போக்கு அத்தகையதே. கண்ணொளி இழந்த துறவியாராகிய இராமையா தேசிகர் என்பாரைத் தம் இல்லத்தில் வைத்துப் போற்றினார். தேசிகரின் குலத்தைக் காட்டி உறவினர் முகஞ்சுளித்தனர், ஊரார் பழித்தனர். துணைவியார் வள்ளியம்மை சிறிதும் தயங்காது, அத்துறவியாருக்குத் தம் கையாலேயே அமுது படைத்தார். இதனைச் சிதம்பரனார் தம் சுயசரிதையிலே நன்றியோடு பதிந்துள்ளார். அவ்வம்மையார் 1901இல் இளமையிலேயே மறைந்தார். பின்னர் மீனாட்சி அம்மையார் வாழ்க்கைத் துணையானார். மேடையிலே சமத்துவம் பேசுதல் எவர்க்கும் எளிது. அடுக்களையிலே அதனைக் கடைப்பிடித்தல் அரிது. கொம்பனி என ஒன்று தோன்றுதற்கு முன்னமே அம்மனிதரின் நெஞ்சம் எவ்வாறு பண்பட்டிருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

அவருடைய சமயக் கல்வியைப் பற்றியும் இங்கு சொல்லவேண்டும். இளமையில் வேதாந்த நூலாகிய கைவல்லிய நவநீதத்தில் ஈடுபட்டவர்; முதுமையிலே சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்து சிவஞான போதத்துக்கு உரை வகுத்தவர். இடையில், சென்னையிலே சுவாமி விவேகானந்தரின் சகோதரத் துறவியாகிய இராமகிருஷ்ணானந்தரைக் கண்டு உரையாடினார். நாட்டுக்கு உழைத்தல் என்னும் எண்ணம் அச்சந்திப்பிலே தம் உள்ளத்தில் வித்தாக விழுந்தது என்று பின்னர் எழுதினார். துறவி ஒருவர் விதைத்த வித்து, கப்பற் கொம்பனியாக முளைத்தது என்றால் மேனாட்டார் வியப்புறலாம்; நமக்கு அது புதுமையன்று. பெரிய புராணத்து அடியார் கூட்டத்திலே வணிகர் பலர் உளர். அமர்நீதியார் துணி விற்றவர். ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் சரக்கெல்லாம் தராசிலேற்றியும் தட்டு நேர்படாமை கண்டு, மனைவி மைந்தரோடு தாமும் அத்தட்டில் ஏறியவர். பிறர் நம்பி ஒப்படைத்த பொருளுக்குத் தானே ஈடாக நிற்க வேண்டும் என்பதே சைவ வணிகன் கற்ற பாடம். சிதம்பரனார் வாழ்வை அறியுந்தோறும் நமக்கு அந்தத் தராசே நினைவுக்கு வருகின்றது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையேயான கப்பற் போக்குவரத்து அந்நாளிலே பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பற் கொம்பனியாரின் கையிலிருந்தது. தலைமன்னாருக்குப் புகையிரதமும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் 1914இலேதான் வந்தன. அதற்கு முன் தென்பாண்டி நாட்டாருக்கு இலங்கைக்கு வருதற்குரிய பெருவழி தூத்துக்குடியே. வணிகரும் தோட்டத் தொழிலாளரும் அரிசி மூடைகளும் அவ்வழியே வந்தன. சொன்னதே கட்டணம், வைத்ததே சட்டம். சுதேசியம் என்னும் அலை வங்காளத்திலிருந்து தெற்கே வீசிய காலம் அது. தூத்துக்குடியிலே நெசவுச் சாலை, பண்டகசாலை முதலியவற்றை நிறுவி அனுபவம் பெற்ற சிதம்பரனார், 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே சுதேசி நீராவிக் கப்பற் கொம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபா. பங்கொன்று இருபத்தைந்து ரூபாவாக நாற்பதினாயிரம் பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் பெருவணிகர் இரண்டு இலட்சம் ரூபா ஈந்து எண்ணாயிரம் பங்குகளை ஏற்றார். சிதம்பரனார் தமக்கு வைத்துக்கொண்டதோ துணைச் செயலாளர் பதவி. ஊர் ஊராகச் சென்று பங்கு சேர்த்தவர் அவர். கணக்கரோடு கணக்கராகக் கச்சேரியில் அமர்ந்தவரும் அவரே.

அக்கொம்பனியின் நோக்கங்கள் படிக்குந்தோறும் இன்பந் தருவன. கப்பலோட்டிப் பணமீட்டல் அவற்றுள் ஒன்றே. இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஏனைய ஆசிய மக்களுக்கும் கப்பல் நடத்தும் வித்தையிற் பழக்கம் உண்டாக்குதல், கப்பல் கட்டும் தொழிலைக் கற்பித்தல், அதற்கான துறைகளை அமைத்தல் என்பனவும் அவற்றுள் அடங்கின. இலங்கையர் என்று பெயர் சுட்டியிருப்பதை நம் அன்பர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். இக்கரையாரைக் கூலியாட்களாகவோ பிரயாணிகளாகவோ மாத்திரம் எண்ணாது, மாலுமிகளாகவும் பங்காளர்களாகவும் எண்ணிய முதற் கொம்பனிகளுள் அது ஒன்று எனின் மிகையாகாது.

தொடக்கத்தில் கொம்பனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சார்ந்த கொம்பனி ஒன்றிடம் வாடகைக்குப் பெற்றனர். ஆங்கிலக் கொம்பனியாரின் நெருக்குதலால் அவ்வாடகை நின்றது. சிதம்பரனார் சோர்ந்திலர், இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பெற்று ஓட்டினார். சொந்தக் கப்பல் இருந்தாலன்றி நிலைபேறு இல்லையென உணர்ந்து பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டிலே மைந்தன் நோய்ப்படுக்கையில். மனைவியார் கருவுற்ற நிலை. கப்பலோடு மீள்வேன், அன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் எனச் சபதம் செய்து சென்றார் என்பது வரலாறு. இல்லத்தாரின் துயரை இவ்வளவு எளிதாகத் துறந்து செல்லல் தகுமோ என நம் உள்ளத்தே ஓர் ஐயம் எழாமலில்லை. எனினும் 1907இலே காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. காலியாக் கப்பலில் ஆயிரத்து முந்நூறு சாதாரணப் பிரயாணிகளும் நாலாயிரம் மூடைச் சரக்கும் ஏறலாம்.

பின்பு தொடங்கிற்று கட்டணப் போர். எதிர்க் கொம்பனியார் கட்டணத்தை ஒரு ரூபாவுக்கு இறக்கினர். சுதேசிக் கொம்பனியார் எட்டணாவாக்கினர். அதன்மேல் எதிர்க் கொம்பனியார் இலவசமாக ஏற்றிச் செல்லவும், ஏறியோருக்குக் குடையொன்று கொடுக்கவும் முன்வந்தனர் என வழங்குவர். குடை கிடைத்தும் ஏறாத பிரயாணிகள் பலர் இருந்தனராம். வணிக நூல் கற்றோர் இதற்கு என்ன விளக்கம் தருவரோ அறியோம்! சிதம்பரனார் சேர்த்து வைத்திருந்த முதல் பணமன்று, மக்களின் நம்பிக்கை என்று நாம் விளக்கம் கூறுவோம். ஆயினும் நம்பிக்கையைக் கொண்டு நிலக்கரி வாங்குதல் எத்தனை நாளைக்கு இயலும்? மாதந்தோறும் நட்டம் ஏறிற்று. இதனை மறைத்துப் புகழுரை மாத்திரம் எழுதுவோர் அவருக்கு நன்மை செய்தாரல்லர்.

இவ்வேளையிலேதான் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டம் மூண்டது. அது ஹார்வி என்னும் ஆங்கிலேயரின் பஞ்சாலை. விடியுமுன் புகுந்து இருண்டபின் வெளியேறும் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வென்பது அங்கில்லை, கூலியோ அற்பம். சிறுவரும் அங்கு உழைத்தனர். 1908ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆந் திகதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை விட்டு நின்றனர். சிதம்பரனாரும், அவருடன் அவ்வாண்டிற் சேர்ந்த சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சிதம்பரனார் அப்போது ஒரு கொம்பனியின் உயிர்நாடி. பங்குதாரரிற் பலர் செல்வர். ஆலை முதலாளிகளோடு கொடுக்கல் வாங்கல் உள்ளோர். தொழிலாளர் பக்கம் சாய்ந்தால் அதிகாரிகள் கொம்பனியின் மீதே பாய்வர் என்பது அவருக்குத் தெரியாததன்று. வேற்றார் ஆலையின் கூலிக்காரருக்காக ஒரு கப்பற் கொம்பனியின் தலைவர் தலையிடுதல் எந்த வணிக நியாயம்?

அவர் அவ்வாறு கணக்கிட்டிலர். வேலை நிறுத்தினோர் பட்டினி கிடவாதபடி ஊராரிடம் பொருள் திரட்டினார். சிலருக்கு நகரத்தாரின் வீடுகளிலும் தொழில்களிலும் வேலை பெற்றுக் கொடுத்தார். தம் கைப்பொருளையும் செலவிட்டார். ஆலையார் ஒன்பது நாளில் இணங்கினர். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அயலிலிருந்த ஏனைய ஐரோப்பியக் கொம்பனியார் தாமும் பயந்து தம் ஆட்களுக்குச் சலுகை அளித்தனர். வங்கத்திலே அரவிந்தர் தம் பத்திரிகையில் இதனை வியந்து பாராட்டி எழுதினார். இந்நாட்டுத் தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதுவோர் சென்னையிலே 1918இல் தோன்றிய சங்கத்திலிருந்து தொடங்குவதுண்டு. அதற்குப் பத்தாண்டு முன்னரே தூத்துக்குடியில் ஒரு முதலாளி தொழிலாளரை நடத்திச் சென்றார் என்பதை அவர்கள் முதற் பக்கத்திலேயே எழுதுவது தகும்.

நம் கரையிலே முத்துக்குளித்த முறையை மூத்தோர் வாயிலாகக் கேட்டவர்கள் ஒன்றை அறிவர். கடலடியில் மூழ்குபவன் ஒருவன்; தோணியிலிருந்து கயிறு பிடிப்பவன் ஒருவன். அக்கயிற்றை மைத்துனன் கையிலே கொடுப்பது வழக்கம் என்பர். தங்கையின் தாலிக்காகவேனும் அவன் கருத்தாயிருப்பான் என்பது கருதி. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்கு எசமானன்போலத் தோன்றுவான். உண்மையிலே அவன் கண்ணும் கையும் கீழே மூழ்கியவனின் அசைவுக்கே அடிமை. கயிறு அசைந்த அக்கணத்தில் அவன் வேறெதனையும் எண்ணலாகாது. 1970இல் அமெரிக்க நாட்டில் ரொபேட் கிறீன்லீவ் என்பார் தொண்டனே தலைவன் என்னும் கருத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பெரியதொரு தொலைபேசிக் கொம்பனியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். குவேக்கர் என்னும் அமைதி நெறிக் கிறித்தவர் குழாத்தைச் சேர்ந்தவர். முதலிலே தொண்டு செய்யும் விருப்பம் எழ வேண்டும், தலைமை அதன்பின் வருவது என்பது அவர் கொள்கையின் சாரம். இன்று நம் இளைஞர் வணிக நிருவாகப் பட்டத்துக்கு அதனைப் பாடமாகக் கற்கின்றனர். நன்று, கற்கட்டும். ஆனால் அக்கயிற்றைப் பிடித்திருந்த ஒருவர் அந்நூலுக்கு அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எதிர்க்கரையில் வாழ்ந்தார் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

கொம்பனியை நடத்தியோரிடையே அச்சம் பரவிற்று. அரசியலையும் தொழிலாளர் பூசலையும் விட்டுக் கப்பற் காரியத்தை மாத்திரம் கவனிப்பின் நலம் எனக் கருதியோர் பலர். அவர்களைக் கோழைகள் எனத் தூற்றிவிடுதல் நேர்மையன்று. பங்கு இருபத்தைந்து ரூபா என்பது அக்காலத்து ஒரு சிறு குடும்பத்தின் பல மாதச் செலவு. நகையை விற்று ஒரு பங்கு வாங்கிய ஏழைக்கு, அக்கொம்பனி நிலைக்க வேண்டும் என்னும் விருப்பம் குற்றமாகுமா? சிதம்பரனாரோ இரண்டையும் வேறு வேறாகக் கண்டிலர். நாட்டு மக்களுக்கென எழுந்த கொம்பனி, அம்மக்களுள் ஒரு பகுதியார் ஆலையில் நசுங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நிலைக்குமாயின் அது எதிர்க் கொம்பனிக்கு எவ்வாற்றால் வேறாகும் என்பது அவர் நிலையாக இருந்திருத்தல் வேண்டும். நம் அளவிலே கூறின், அவர் கொண்ட நெறி மேலானது. கொம்பனியைக் காக்கும் ஏற்பாடு குறைவானது. தம்மைப் போலவே ஏனையோரும் தராசில் ஏறுவர் என நம்பிவிட்டார். ஏறத் துணியாதாரின் பணமும் அத்தட்டிலே கிடந்தது.

1908 மார்ச்சு 12ஆந் திகதி சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியிலே கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. தூத்துக்குடியிலே ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காகவன்று, சிறை சென்றவருக்காக. யூலை 7ஆந் திகதி நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுட் தண்டனை விதித்தார். நாற்பது ஆண்டு! அச்செய்தி கேட்டு இளையவர் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியவர், பின்னர் தேறவேயில்லை. மேன்முறையீட்டிலே தண்டனை ஆறாண்டாகக் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலே கல்லுடைத்தல், செக்கிழுத்தல் முதலிய கொடுந்தொழில்கள் அவர்மீது சுமத்தப்பட்டன. 1910இன் இறுதியிற் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அச்செக்கினை இன்று சென்னை கிண்டியில் உள்ள காந்தி மண்டப வளாகத்திலே காணலாம்.

அச்சிறையில் அவர் செய்த மற்றொரு தொழில் எழுத்து. ஜேம்ஸ் அலன் என்னும் ஆங்கில அறிஞரின் சிறு நூலொன்றை மனம்போல வாழ்வு என்னும் பெயரால் தமிழ்ப்படுத்தினார். அகமே புறம் முதலிய ஏனைய மொழிபெயர்ப்புகளும் அவருடையனவே. ஒருவனது புறவாழ்வு அவனது அகத்தின் விளைவே என்பது அந்நூல்களின் கருத்து. செக்கின் நுகத்தடியிலே தோளைக் கொடுத்த ஒருவர், தம் நிலைக்குப் பிறர் மீது பழி சுமத்தாத இத்தத்துவத்தைத் தேர்ந்து மொழிபெயர்த்தார் என்பது நம்மைப் பன்முறை சிந்திக்க வைத்திருக்கின்றது. நம்மால் அத்தத்துவத்தை முற்றும் ஏற்க இயலவில்லை. ஏழையின் வறுமைக்கு அவன் எண்ணமே காரணம் என்று ஆலை முதலாளியும் கூறித் தப்பலாமன்றோ? ஆனால் சிதம்பரனார் அதனைப் பிறருக்கு விதித்திலர், தமக்கே விதித்துக்கொண்டார். திருக்குறள் நெறியைத் தழுவிய மெய்யறம் என்னும் நூலும் சிறைவாழ்விலே உருவாயிற்று.

1911இலே கொம்பனி கலைக்கப்பட்டது. காலியாக் கப்பல் எதிர்க் கொம்பனியாருக்கே விற்கப்பட்டது. அச்செய்தியைச் சிறையிலிருந்து கேட்டவரின் உள்ளம் எத்தன்மையதாய் இருந்திருக்கும் என நாம் எழுதப் புகோம். 1912 டிசெம்பர் 24ஆந் திகதி விடுதலையானபோது, புறப்பட்ட நாளில் ஊர்வலம் திரண்ட மக்கள் அங்கில்லை. முன்னரே விடுதலை பெற்று, சிறையிலே தொழுநோய்க்கு ஆளான சுப்பிரமணிய சிவா எதிர்கொள்ள வந்திருந்தார்.

வழக்காடும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சொத்து அழிந்திருந்தது. சென்னையிலே குடும்பத்தோடு குடியேறி, கப்பலோட்டிய அப்பெருந்தகை அரிசிக் கடை வைத்தார், மண்ணெண்ணெயும் விற்றார். சிறு கடையிற் படியளத்தலைத் தாழ்வாக அவர் கருதினார் என்பதற்கு எவ்விதக் குறிப்புமில்லை. அவ்வறுமையிடையேயும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தாருக்குத் துணையாய் உழைத்தார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. தென்னாபிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய சிறு தொகை காந்தியடிகளின் பொறுப்பில் இருந்தது. 1915இல் அடிகள் தாயகம் மீண்டபின் இருவருக்குமிடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 347 ரூபா 12 அணா சிதம்பரனாரை வந்தடைந்தது. அக்கடிதங்களை ஆராய்ந்து அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். பணம் தாமதித்தமை பற்றி அடிகளைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. இலட்சங்களைக் கையாண்ட ஒருவர், முந்நூற்றுச் சொச்சம் ரூபாவுக்குத் தமக்குள்ள தேவையை நாணமின்றி, கெஞ்சுதலுமின்றி எழுதி நின்ற நிமிர்வையே நாம் சுட்ட விரும்புகின்றோம்.

வழக்காடும் உரிமை பின்னர் ஆங்கில நீதிபதி வாலஸ் என்பாரின் உதவியால் மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மைந்தருள் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தவர் தம் பிள்ளைக்கு ஆங்கிலேயரின் பெயரை இட்டழைத்தார்! பகைமை அவரிடம் கொள்கையளவில் நின்றதேயன்றி மனிதரளவிற் சென்றதில்லை. கோவிற்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் வாழ்ந்து வழக்காடினார். தமிழ்ப் பணியையும் கைவிட்டிலர். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பிப்பதில் உழைத்தவர் அவர் என்பதைத் தமிழாசிரியராகிய நாம் மறத்தல் இயலாது. சிவஞான போதத்துக்கு அவர் கண்ட உரை 1935இல் வெளிவந்தது. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலுக்குப் பின்னரே கப்பலோட்டிய தமிழன் என்னும் பட்டம் ஊரெங்கும் நிலைத்தது. 1972இலே இந்திய அரசு அஞ்சல் முத்திரை வெளியிட்டது. 2011இலே தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது.

இறுதிக் காலத்து வறுமை பெரிது. அவர் எழுதிவைத்த மரண சாசனத்திலே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப் பெருஞ் செல்வம் ஏதுமில்லை. சாமான் கடைக்காரருக்கும் துணிக் கடைக்காரருக்கும் தாம் தரவேண்டிய பாக்கிகளைப் பெயரும் தொகையுமாக அதிலே குறித்துவைத்தார். 1936 நவம்பர் 18ஆந் திகதி, தம் வேண்டுகோளின்படி கொண்டு செல்லப்பட்ட தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்திலே அவர் உயிர் பிரிந்தது.